செங்கல் சூளையில் டிபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவள்ளூர் மாவட்டத்தில் காசநோயாளிகளுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்து, சிகிச்சை முடிகிறவரை கூடவே இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. போகிற இடங்கள் பெரும்பாலும் செங்கல் சூளை, இருளர் குடியிருப்பு, ஏரிக்கரைப் புறம்போக்கு. ஒன்பது வருடமாக எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. யார் பெயரும் போடாமல், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். சில கேள்வி நோயாளி கேட்டது, சிலது மேஸ்திரியும் கூட வந்த கல்லூரிப் பிள்ளைகளும் கேட்டது.

1. "டிபின்னா என்னக்கா? எலும்புருக்கின்னு எங்க ஆயா சொல்லும், அதுவா?"

அதேதான். ஆள் உருகி எலும்பு தெரிகிற அளவுக்குப் போய்விடுவதால் அந்தப் பெயர். இது ஒரு கிருமியால் வருகிறது. செய்வினை, சாபம், பரம்பரை எதுவும் இல்லை. கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் காக் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் காசநோய் தினம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி) பேனர் கட்டுகிறார்கள்.

பெரும்பாலும் நுரையீரலைப் பிடிக்கும். கழுத்தில் நெறிகட்டும், முதுகெலும்பில் வரும், கர்ப்பப்பையிலும் வரும். முடியும் நகமும்தான் பாக்கி. ஆனால் அடுத்தவருக்குப் பரவுவது நுரையீரலிலும் தொண்டையிலும் இருக்கிற டிபிதான். மருந்து இருக்கிறது, குணமாகிவிடும்.

2. "எங்க வூட்ல யாருக்குமே இல்ல. நான் பீடி கூடப் புடிக்க மாட்டேன். எனக்கு எப்படி வந்துச்சு?"

நோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, சத்தமாகப் பேசும்போது கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டமில்லாத இடத்தில் அது வெகுநேரம் மிதக்கும். பக்கத்தில் இருப்பவர் மூச்சோடு உள்ளே போய்விடுகிறது. போன வருஷம் பக்கத்துக் குடிசையில் இருமிக்கொண்டிருந்தவரிடமிருந்து வந்திருக்கலாம். ஷேர் ஆட்டோவில்கூட வந்திருக்கலாம். யாரிடமிருந்து என்று தேடிப் பிரயோஜனமில்லை, தேடினால் சண்டைதான் வரும்.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வராது. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் என்றைக்காவது நோயாக மாறும். உடம்பில் சத்துக் குறைந்தால், சர்க்கரை நோய் இருந்தால், எச்.ஐ.வி இருந்தால், குடியும் புகையும் இருந்தால், கல் குவாரித் தூசியில் வேலை செய்தால் அது எழுந்துகொள்ளும். நம் நாட்டில் இந்த வரிசையில் முதலில் நிற்பது பசிதான்.

3. "தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியா வெச்சிட்டோம். சரிதானே?"

வேண்டாம். தட்டில், துணியில், தொடுவதில் இது ஒட்டாது. மேலே சொன்ன மாதிரி காற்றில்தான் வருகிறது. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தனி டம்ளரோடு உட்கார வைத்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். அதே வீட்டில் ராத்திரி எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றாகத்தான் படுத்தார்கள். பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல், பிரிக்க வேண்டாததைப் பிரித்து அந்த அம்மாவை அழ வைத்ததுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இருமும்போது துண்டை வைத்து வாயை மூடுவது, கண்ட இடத்தில் துப்பாமல் இருப்பது, முதல் சில வாரம் காற்றோட்டமான இடத்தில் படுப்பது, குழந்தைகளைப் பக்கத்தில் படுக்க வைக்காமல் இருப்பது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

4. "ஏன் எங்க ஜனங்களுக்கே வருது? பங்களாக்காரனுக்கு வர மாட்டேங்குது?"

பங்களாக்காரருக்கும் வரும். ஆனால் உங்களுக்கு வருகிற அளவுக்கு வராது. இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் நான் அவர் படுக்கிற இடத்தைத்தான் காட்டுவேன். சூளையில் கொடுக்கிற வீடு என்பது செங்கலை மண் பூசி அடுக்கி, மேலே தகரமோ தார்ப்பாயோ போட்டது. குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் கிடையாது. அதற்குள் ஆறு பேர். ஒருவர் இருமினால் விடிகிறவரை அந்தக் காற்றைத்தான் ஆறு பேரும் சுவாசிக்கிறார்கள்.

அடுத்தது சாப்பாடு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கல் அறுக்க, அதாவது மண்ணை அச்சில் வைத்துச் செங்கல் போட, போகிற உடம்புக்கு ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். முட்டை, பருப்பு கண்ணில் படுவது வாரக்கூலி கையில் கிடைக்கிற அன்று மட்டும். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்கு அறுக்கிற கல்லும் கூலியும் போச்சு. அதனால் இருமலோடு இரண்டு மாதம் ஓட்டுவார்கள், மெடிக்கலில் டானிக் வாங்கிக் குடிப்பார்கள். கண்டுபிடிக்கும்போது நோய் முற்றியிருக்கும், அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குப் போயிருக்கும்.

இருளர் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே பட்டியலிட்ட ஆறு சமூகங்களில் ஒன்று. அப்படியிருந்தும் சாதிச் சான்றிதழுக்கு அலைகிற குடும்பங்களை இன்றைக்கும் பார்க்கிறேன். சான்றிதழ் இல்லை, பட்டா இல்லை, நிரந்தர முகவரி இல்லை. சுகாதாரத் துறையின் எந்தப் பட்டியலும் முகவரியில்தான் ஆரம்பிக்கிறது. உங்கள் ஜனங்களிடம் எந்தக் குறையும் இல்லை. இப்படி வாழ வைத்தால் எந்த ஜனத்துக்கும் இதேதான் வரும்.

5. "எத்தனை நாள் இருமினா பார்க்கணும்? சளி எப்படிக் குடுக்கறது?"

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் பி.எச்.சி-க்குப் போங்கள். சோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது.

சளி டப்பாவில் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எச்சில் தண்ணீராக, நுரையோடு இருக்கும். அதில் கிருமி கிடைக்காமல் 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். குடிசைக்கு வெளியே, ஆள் இல்லாத பக்கமாக நின்று இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். பிறகு நெஞ்சின் அடியிலிருந்து காறி எடுங்கள். கெட்டியாக, மஞ்சளாக வருவதுதான் சளி. ஒரு டீஸ்பூன் அளவு போதும், மூடியை இறுக்கி மூடுங்கள். சிபிநாட், ட்ரூநாட் என்று இப்போது இருக்கிற மெஷின்கள் ஓரிரு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்கிற முக்கியமான மருந்து அதற்குக் கேட்குமா என்பதையும் சொல்லிவிடும்.

6. "எக்ஸ்ரேல நிழல் தெரியுதுன்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு சளி?"

நுரையீரலில் ஏதோ கோளாறு என்பதைத்தான் எக்ஸ்ரே சொல்லும். அது டிபியா, எந்த மருந்து கேட்கும் என்பதைச் சளிதான் சொல்லும். சூளைத் தூசி, குவாரித் தூசி பட்ட நெஞ்சிலும் நிழல் தெரியும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

7. "ரெண்டு மாசத்துல நல்லாயிட்டேன், இருமலே இல்ல. இன்னும் எதுக்கு மாத்திரை?"

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. எல்லாம் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்திருக்கும், எத்தனை மாத்திரை என்பது உங்கள் எடையைப் பொறுத்தது. வேகமாகப் பெருகுகிற கிருமிகள் முதலில் சாகின்றன, அதனால் இருமல் நிற்கிறது. மெதுவாக அசைகிற கிருமிகள் மூலையில் பதுங்கியிருக்கும். அடுத்த நான்கு மாத மருந்து அவற்றுக்குத்தான்.

நடுவில் விட்டால் மிஞ்சியவை திரும்பப் பெருகும், மருந்துக்கு அசையாமலும் போகலாம். ஒருநாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம், மறுநாள் தொடருங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைத்து மாத்திரையை அடுப்பில் போட்டவர்கள் உண்டு. மறைக்கிற அளவுக்கு அவர்களைப் பயமுறுத்தி வைத்தது எங்கள் பக்கத்துத் தப்பு.

8. "மூத்திரம் செவப்பாப் போகுது. ரத்தமா?"

ரத்தமில்லை. ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சாக வரும். முதல் நாளே இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுத்தால் மூன்றாம் நாள் ஆள் நிறுத்திவிடுவார்.

மற்றபடி கால் எரிச்சல், மரமரப்பு வந்தால் அதற்கு வைட்டமின் மாத்திரை இருக்கிறது. மூட்டு வலி வரலாம், அதையும் சமாளித்துவிடலாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, பார்வை மங்கி நிறம் பிரித்துத் தெரியாமல் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மருந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். வேறு வழி என்ன என்று செவிலியரிடம் கேளுங்கள்.

9. "தாம்பரம் சானடோரியத்துல பெட் போட்டு வெச்சிருந்தாத்தான் சரியாவும்ங்கறாங்களே?"

அந்த எண்ணத்தை மாற்றியதே சென்னைதான். 1956-இல் இங்கே காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கி, சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியிலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் நெருக்கடி, அரைவயிறு. 1959-இல் முடிவு வந்தது: குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க ஏழைகள் பெட்டுக்குக் காத்திருக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வழி திறந்தது இப்படித்தான். அந்த மையம் இன்றைக்கும் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

ஆனால் சிலருக்குப் பெட் வேண்டும், அதுவும் உடனே. 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதைத்தான் பார்க்கிறது. நோய் என்று தெரிந்ததுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு (பி.எம்.ஐ) 14-க்குக் கீழே போனால் அபாயம். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது முப்பத்தொன்றரை கிலோ.

எடை மெஷினை வைக்கச் சூளையில் மட்டமான தரை கிடைக்காது, கல் அறுக்கிற களம் மட்டும்தான் மட்டமாக இருக்கும். போன பருவத்தில் ஒரு அக்காவை அங்கே நிறுத்தினேன். சுற்றிலும் ஈரம் காயாத பச்சைக்கல் வரிசை. 29 காட்டியது. மெஷினிலிருந்து இறங்கியவர் தரையில் உட்கார்ந்தார், பிறகு கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. "காலையில ஐநூறு கல் அறுத்தேன், அந்த அசதி" என்றார். அன்றைக்கே 108-ஐக் கூப்பிட்டோம். மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்து திரும்பி வந்தார், இப்போது மாத்திரை முடித்துவிட்டார்.

10. "வெறும் வயித்துல இத்தனை மாத்திரையா? ஆயிரம் ரூபா வரும்னீங்க, வரலியே?"

காசநோயாளியின் சாப்பாட்டுக்கு அரசு பணம் போடுகிற நிக்ஷய் போஷன் யோஜனா என்று ஒரு திட்டம். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்து 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. ஆறு மாதத்துக்கு 6000. இதை மூவாயிரம் மூவாயிரமாக இரண்டு தவணையில் போடுகிறார்கள், ஆரம்பத்தில் ஒன்று, 84 நாள் சிகிச்சை ஆனபின் ஒன்று. வராததற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான். கணக்கே இருக்காது, அல்லது பணம் போடாமல் முடங்கிக் கிடக்கும், அல்லது ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். தபால் ஆபீஸ் வங்கியில் பணமில்லாமலே கணக்குத் தொடங்கலாம். மாத்திரை ஆரம்பிக்கிற அதே வாரம் இதை முடித்துவிடுங்கள்.

பணம் வருகிறவரை காத்திருக்க வயிறு கேட்காது. நிக்ஷய் மித்ரா என்ற பெயரில் தனியார், நிறுவனங்கள், கல்லூரிகள் நோயாளிக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். முட்டை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பருப்பு, கருவாடு. விலை உயர்ந்த பவுடர் டப்பா வேண்டாம்.

11. "வீட்டுல அரைவயிறு சாப்ட்டவங்களும் குணமானாங்கன்னு 9-ல சொன்னீங்க. அப்போ சாப்பாட்டுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு?" (ஒரு கல்லூரி மாணவி கேட்டது)

நல்ல கேள்வி. கிருமியைக் கொல்வது மருந்து, சோறு அதைக் கொல்லாது. சென்னை ஆய்வு காட்டியது அதைத்தான். ஆனால் கிருமி சாகிறவரை ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த வீட்டில் அடுத்த ஆளுக்கு நோய் எழாமலும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஜார்க்கண்டில் பார்த்தார்கள். ரேஷன்ஸ் என்று பெயர் வைத்த அந்த ஆய்வு 2023-இல் வெளியானது. நோயாளிகளுக்கெல்லாம் மாதாமாதம் உணவுப் பை. ஒரு பகுதியில் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 30 கிலோ உள்ளவருக்கு அது ஒன்றரை கிலோதான். வருகிறபோதெல்லாம் நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவது அந்த ஒன்றரை கிலோவைப் பார்க்கத்தான்.

12. "மழை வந்துடுச்சு, சூளை மூடிட்டாங்க. நாங்க திருவண்ணாமலைக்குப் போறோம். மாத்திரை?"

மாத்திரையும் கூட வரும். சிகிச்சை ஆரம்பித்ததும் உங்களுக்கு நிக்ஷய் எண் ஒன்று கொடுப்பார்கள். அதை வைத்து எந்த மாவட்டத்திலும், எந்த மாநிலத்திலும் தொடரலாம். ஒடிசாவிலிருந்து இங்கே கல் அறுக்க வரும் குடும்பங்களுக்கும் இதேதான். கிளம்புகிறதுக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், போகிற ஊருக்கு மாற்றிவிட்டு, கையில் கொஞ்ச நாளைக்கு மருந்தும் கொடுத்து அனுப்புவோம். எண்ணை போனில் மட்டும் வைக்காமல் ரேஷன் கார்டு கவரின் உட்பக்கத்திலும் எழுதி வையுங்கள். போன் தொலையும், கார்டைத் தொலைக்க மாட்டீர்கள். வழியில் சிக்கல் வந்தால் 1800-11-6666, கட்டணமில்லாத எண்.

'பாதியில் ஓடிவிட்டார்' என்று எங்கள் ரிஜிஸ்டரில் எழுதியவர்களில் பலர் ஓடவில்லை. வேலை எங்கே போனதோ அங்கே போனார்கள், மருந்துதான் அவர்கள் பின்னால் போகவில்லை.

13. "அட்வான்ஸ் வாங்கியிருக்கேன். கணக்கு முடியாம வைத்தியத்துக்குக் கூட விட மாட்டேங்கறாரு."

முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வைப்பது குற்றம். 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்குகிறது. கலெக்டரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ புகார் கொடுக்கலாம். விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதை வைத்து மறுவாழ்வு உதவி கேட்கலாம். புகார் கொடுத்துவிட்டு அதே சூளையில் ராத்திரி தங்குவது எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். தனியாகப் போக வேண்டாம், சங்கத்தையோ சட்டப்பணி ஆணைக்குழுவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லா முதலாளியும் அப்படி இல்லை. 'இவருக்கு மருந்து தொடங்கவில்லை என்றால் இங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் வரும்' என்று சொன்னதும் தன் வண்டியிலேயே அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். முதலில் நான் பேசிப் பார்ப்பேன்.

14. "ஆதார் இல்ல. வைத்தியம் பார்ப்பாங்களா?"

பார்க்க வேண்டும். சோதனைக்கும் மாத்திரைக்கும் ஆதார் கட்டாயமில்லை. 10-இல் சொன்ன பணத்துக்குத்தான் கணக்கும் அடையாளமும் வேண்டும். கவுண்டரில் திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்று டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், அல்லது 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். ஒரு இடத்தில் இருளர் அம்மா ஒருவரை 'வெளியே மரத்தடியில் இரு' என்று சொல்லி, மத்தியானம் வரை கூப்பிடவே இல்லை. மூன்று மணிக்கு அவர் எழுந்து வந்துவிட்டார். திரும்ப அவரை அழைத்துப்போக எனக்கு நாற்பது நாள் ஆயிற்று.

15. "கைக்குழந்தைக்கு ஊசி போட்டாச்சு. இனி வராதுல்ல? பால் குடுக்கலாமா?"

பால் தாராளமாகக் கொடுங்கள், பாலில் கிருமி வராது. கொடுக்கும்போது மட்டும் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி ஊசி, குழந்தைகளை மூளைக்காய்ச்சல் மாதிரியான கொடிய டிபியிலிருந்து காப்பாற்றும். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுப்பதில்லை என்று அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, 1968-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களிடம் நடத்திய ஆய்வில் தெரிந்தது.

அதனால் வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் எல்லோரையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. தினமும் ஒன்றாக ஆறு மாதம், அல்லது வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம். "நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை" என்பார்கள். 2-இல் சொன்ன தூங்குகிற கிருமிக்குத்தான்.

16. "பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருக்கு. இதைச் சொல்லணுமா?"

சிகிச்சை முடிந்து குணமானவருக்கு இது பழைய காய்ச்சல் மாதிரிதான். யாரிடம் சொல்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அப்பாவோ நானோ முடிவு செய்கிற விஷயமில்லை. மாத்திரை நடுவில் இருக்கும்போது கல்யாணம் வந்தால், மாத்திரையை ஒளித்து விழுங்குகிற நிலைமைக்கு அவளைத் தள்ளாதீர்கள். இரண்டு மாதம் தள்ளி வையுங்கள், முடியாவிட்டால் மாப்பிள்ளையை என்னிடம் கூட்டி வாருங்கள். அப்படி வந்த மூன்று பேரில் ஒருவரும் வேண்டாம் என்று போகவில்லை.

17. "அவன் குடிகாரன் மேடம். அவனுக்குப் போய் எதுக்கு இவ்வளவு பாடுபடறீங்க?" (மேஸ்திரி கேட்டது)

குடியோடு இந்த மாத்திரை சேர்ந்தால் ஈரல் கெடும், அது உண்மை. அதனால்தான் அவரிடம் அடிக்கடி போகிறேன். குடிக்கிறவருக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் அவருடைய கிருமி அவரோடு நிற்காது, 4-இல் சொன்ன குடிசையில் மற்ற ஐந்து பேர் இருக்கிறார்கள். குடியை விட உதவி கேட்டுப் பார்ப்போம். விடாவிட்டாலும் மாத்திரை நிற்காது.

18. "போன தடவ முழுசாத்தான் சாப்ட்டேன், திரும்ப வந்திருக்கு. மருந்து கேக்காத டிபியா?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சளி மெஷின்தான் சொல்ல வேண்டும். பழைய மாத்திரையை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். மருந்து கேட்காத டிபிக்கு முன்பெல்லாம் ஒன்றரை இரண்டு வருடம், ஊசியோடு சேர்த்து, காது கேட்காமல் போகிற அளவுக்குப் பாடு. இப்போது ஆறு மாத மாத்திரை முறை ஒன்றுக்கு 2024-இல் நம் நாட்டிலும் அனுமதி கிடைத்திருக்கிறது. யாருக்குப் பொருந்தும் என்று மாவட்டக் காசநோய் மையத்து டாக்டர் பார்ப்பார். எல்லாம் இலவசம்.

19. "எங்ககூடவே உக்காந்துட்டு இருக்கீங்களே, உங்களுக்கு வராதாக்கா?"

வரலாம். சோதனை செய்யாத புது இருமல்காரரைப் பார்க்கும்போது என்95 மாஸ்க் போட்டுக்கொள்வேன். குடிசைக்குள் உட்காராமல் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம், காற்றும் வெயிலும் கிருமிக்கு ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறேன். இந்த வருஷத்து எக்ஸ்ரேயை வேப்பமரத்துக்கு எதிரே வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன், குழந்தைகள் எலும்பை எண்ணிப் பார்த்தார்கள். அன்றைக்குச் சளி டப்பா கொடுத்தவர்கள் ஏழு பேர்.